படிப்பு, ஊர், நீண்டகால வேலையின்மை: தோட்டப் பட்டணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில், படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் முடிவு வரும் நாளிலும், ஏதாவது ஒரு தோட்டம் கைமாறப்போகிறது என்ற பேச்சு கிளம்பும்போதும் இதே சந்தேகங்கள்தான் சுற்றி வருகின்றன. கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறோம். எளியவை முன்னால் இருக்கின்றன, சிக்கலானவை பின்னால் வருகின்றன.

1. “எத்தனை மாசம் வேலை இல்லாம இருந்தா நீண்டகால வேலையின்மைனு சொல்வாங்க?”

பன்னிரண்டு மாதம். அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் வைத்திருக்கும் அளவு இது. அமெரிக்கா 27 வாரத்திலேயே எண்ணத் தொடங்கிவிடும் என்பதால் அந்த நாட்டுக் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒப்பிட முடியாது.

மலேசியப் புள்ளிவிவரத் துறை, தீவிரமாக வேலை தேடுவோரை நான்காகப் பிரிக்கிறது: மூன்று மாதத்துக்குள், மூன்று முதல் ஆறு, ஆறு முதல் பன்னிரண்டு, ஓராண்டுக்கு மேல். அண்மை ஆண்டுகளில் பத்தில் ஆறு பேருக்கு மேல் முதல் வகையில் அடங்கிவிடுகிறார்கள். ஓராண்டைத் தாண்டியவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. இத்தாலியில் வேலையில்லாதவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் ஓராண்டு கடந்தவர்கள். இதை மட்டும் பார்த்தால் நமக்குக் கவலையே இல்லை என்று தோன்றும். அந்த எண்ணிக்கைக்குள் யார் வருகிறார்கள், யார் வருவதில்லை என்பதையும் பார்க்கவேண்டும்.

2. “மகன் வாரத்துல ரெண்டு நாள் செம்பனைக் குலை ஏத்தப் போறான். அவன் வேலையில்லாதவனா, வேலை உள்ளவனா?”

வேலை உள்ளவன். கணக்கெடுக்கும் வாரத்தில் கூலிக்கோ, லாபத்துக்கோ, குடும்பத் தொழிலிலோ ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலும் போதும், அவர் வேலை உள்ளவர். வாரத்துக்கு 30 மணி நேரத்துக்கும் குறைவாகத்தான் வேலை கிடைக்கிறது, கூடக் கொடுத்தால் செய்யத் தயார் என்றால் ‘நேரக் குறைவு வேலை’ என்று தனிக் கணக்கு உண்டு. செய்தித்தாளில் வரும் வேலையின்மை விகிதத்தில் அது சேராது.

இன்னொரு பக்கமும் ஆட்கள் கழிந்துபோகிறார்கள். படிவம் 5 முடித்து நாலு இடத்தில் கேட்டுப் பார்த்து, கல்யாணமாகி, “இப்ப வேலைக்குப் போற எண்ணம் இல்ல” என்று சொல்லும் பெண், வேலை உள்ளவர்களும் வேலை தேடுபவர்களும் அடங்கிய தொழிலாளர் அணிக்கே வெளியே போய்விடுகிறார். பட்டணத்துக்குப் போக பஸ் சரியில்லை, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்பதெல்லாம் உண்மைக் காரணங்களாக இருந்தாலும், கணக்கில் அவர் ‘இல்லத்தரசி’தான். தோட்டப் பட்டணத்தின் நீண்டகால வேலையின்மையில் கணிசமான பங்கு இந்த இரண்டு ஓட்டைகளில் ஒளிந்திருக்கிறது என்பது எங்கள் கணிப்பு.

3. “படிக்காதவன் மறுநாளே வேலைக்குப் போயிடுறான். டிகிரி முடிச்ச பிள்ளைதான் வீட்டுல சும்மா இருக்கு. அப்புறம் படிப்பு எதுக்கு?”

எல்லாக் கேள்விக்கும் தாய்க் கேள்வி இது. கண்ணால் பார்ப்பது பொய்யில்லை. ஆனால் அதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது: எவ்வளவு காலம் காத்திருக்க முடிகிறது என்பது ஒன்று, கிடைத்த வேலை எவ்வளவு காலம் நிற்கிறது என்பது மற்றொன்று.

தொடக்கப் பள்ளியோடு நின்றவரால் காத்திருக்க முடியாது. கையில் கூலி இல்லாவிட்டால் அடுத்த வாரம் அடுப்பெரியாது. எனவே காண்டாக்டர் (ஒப்பந்தக்காரர்) லோரியில் ஏறிவிடுகிறார். வேலையின்மை நாட்கள் குறைவு, ஆனால் வேலையும் குறைந்த நாட்களுக்குத்தான். மழை, காய் குறையும் மாதம், காண்டாக்டர் மாற்றம் என்று ஆண்டுக்கு மூன்று நான்கு முறை உள்ளே வெளியே போவார். பட்டதாரிக்கு நேர்மாறு. முதல் வேலை தேடத்தான் நாளாகிறது. நிறுவன வேலையில் ஒருமுறை உட்கார்ந்துவிட்டால் இ.பி.எஃப். எனும் சேமநிதி, சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி, நோட்டீஸ் காலம் எல்லாம் உண்டு. திடீரென்று வெளியேற்றப்படும் வாய்ப்பு குறைவு.

இரண்டுக்கும் நடுவில் இருப்பவர் நிலைதான் மோசம். எஸ்.பி.எம். வரை போனார், ஆனால் முழுச் சான்றிதழ் இல்லை. தோட்ட வேலைக்குப் போக மனமில்லை, அலுவலக வேலைக்குத் தாள் இல்லை. தேடலும் நீளுகிறது, கிடைப்பதும் நிலைப்பதில்லை. ‘படித்தவன்’, ‘படிக்காதவன்’ என்று இரண்டாகப் பிரித்துப் பேசினால் இந்தக் கூட்டம் கண்ணில் படாமலே போகிறது.

4. “வேலையின்மை விகிதம் ரெண்டு ஊருக்கும் ஒண்ணா இருந்தா, ரெண்டும் ஒரே நிலைமைதானே?”

இல்லை. விகிதம் என்பது ஒரு தொட்டியில் நிற்கும் தண்ணீர் மட்டம். எவ்வளவு வேகமாக விழுகிறது, எவ்வளவு வேகமாக வடிகிறது என்பதை அது சொல்லாது. ஒரு கற்பனைக் கணக்கு: ஒரு பட்டணத்தில் மாதம் 60 பேர் வேலையிழந்து, ஒவ்வொருவரும் 2 மாதத்தில் வேறு வேலை பிடிக்கிறார்கள். எந்த நாளில் எண்ணினாலும் 120 பேர் வேலையில்லாமல் இருப்பார்கள். இன்னொரு பட்டணத்தில் மாதம் 10 பேர்தான் இழக்கிறார்கள், ஆனால் 12 மாதம் அலைகிறார்கள். அங்கும் 120 பேர்தான்.

முதல் ஊருக்குத் தேவை நிலையான ஒப்பந்தம். இரண்டாவது ஊருக்குத் தேவை புதுத் திறனும் புதுத் தொழிற்சாலையும். தொழிற்பேட்டைப் பக்கம் பெரும்பாலும் முதல் வகை, தோட்டப் பட்டணத்து எஸ்.பி.எம். பிள்ளைகளிடம் இரண்டாவது வகை. விகிதத்தைச் சொல்பவரிடம் “சராசரி எத்தனை மாதம்?” என்று சேர்த்துக் கேளுங்கள்.

5. “சபாவுல ரொம்ப அதிகம், பினாங்குல குறைவுன்னு சொல்றாங்களே, அங்க படிப்பு கம்மியா?”

படிப்பு ஒரு பகுதிக் காரணம்தான். நாட்டின் விகிதம் 2019-இல் 3.3 விழுக்காடு. கோவிட் காலத்தில், 2020 மே மாதம், 5.3 வரை ஏறி, பிறகு மெல்ல இறங்கியது. சபா விகிதம் அண்மை ஆண்டுகளில் தேசிய அளவைப்போல் இரு மடங்குக்கும் மேல். அங்கே ஊருக்கும் ஊருக்கும் இடையே தூரம் அதிகம், வேலைகளில் பெரும்பகுதி விவசாயம், மீன்பிடி, சிறு வணிகம். படித்து வந்தவருக்கு அருகில் பொருந்தும் வேலை இல்லை.

பினாங்கில் 1972-இல் பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக வட்டாரம் தொடங்கியது முதல் மின்னணுத் தொழிற்சாலைகள் அடுக்கடுக்காக வந்தன. அங்கே எஸ்.பி.எம். காரருக்கு ஆபரேட்டர் வேலை, டிப்ளோமாவுக்கு டெக்னீஷியன், டிகிரிக்கு இன்ஜினியர் என்று ஒவ்வொரு படிக்கும் வாசல் இருக்கிறது. ஒரே சான்றிதழ் பாயான் லெப்பாஸில் இரண்டு மாதத்தில் விலைபோகிறது, உட்பகுதிப் பட்டணத்தில் ஓராண்டு காத்திருக்கிறது. தாளின் மதிப்பில் பாதியை ஊர் தீர்மானிக்கிறது.

6. “வெளிநாட்டுலயும் இப்படித்தானா?”

இடத்துக்கு இடம் வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தில் மேல்நிலைப் பள்ளி முடிக்காதவர்களின் வேலையின்மை விகிதம் பட்டதாரிகளுடையதைப்போல் இரு மடங்குக்கும் மேல். அங்கே உதவித்தொகை இருப்பதால் படிக்காதவரும் காத்திருக்கலாம். கூலி லோரியில் ஏறிவிடும் சில்லறை வேலைகளும் குறைவு. இத்தாலியின் தென்பகுதியில் படிப்புக் குறைவும் வேலைக் குறைவும் சேர்ந்துகொள்கின்றன.

இந்தியாவில் தலைகீழ். எழுத்தறிவில்லாதவர்களிடம் விகிதம் மிகக் குறைவு, பட்டதாரிகளிடம் பல மடங்கு. கேரளம் இதற்குப் பேர்போன உதாரணம். மலேசியா இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. தோட்டப் பட்டணமோ, கேள்வி 3-இல் சொன்ன காரணத்தால், கொஞ்சம் இந்தியப் பக்கம் சாய்ந்திருக்கிறது.

7. “நம்ம தோட்டத்துப் பிள்ளைங்க ஏன் இந்த நடுவுல மாட்டிக்கிறாங்க?”

கொஞ்சம் பழைய கதை தேவை. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பு, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்கவேண்டும் என்றது. பள்ளி வந்தது, ஆனால் தோட்டத்துக்கு வேண்டிய அளவுக்குத்தான். பால்மரக் காலத்தில் அதற்கு மேல் படிப்பு கேட்காத வேலை வாசலிலேயே இருந்தது. பிறகு ரப்பர் அழிந்து செம்பனை வந்தது. பால் வெட்டுக்கு வேண்டிய அத்தனை கைகள் குலை வெட்டுக்கு வேண்டாம். அந்த வேலைக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள். சில தோட்டங்கள் வீடமைப்புத் திட்டமாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறின. படிப்பு கேட்காத வேலை ஒரு தலைமுறைக்குள் சுருங்கிவிட்டது.

பள்ளிப் பாதையிலும் ஒரு மேடு உண்டு. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்து மலாய் மொழியில் தேறாதவர்கள் புகுமுக வகுப்பில் ஒரு வருடம் கழித்துத்தான் படிவம் 1-க்குப் போகவேண்டியிருந்தது. கூட்டாளிகளைவிட ஒரு வயது பின்தங்கி, புது மொழியில் திணறி, படிவம் 3 வாக்கில் நழுவியவர்கள் ஏராளம். மூளைக் குறைவு என்று இதைச் சொல்பவர்களோடு வாதாடி நேரத்தை வீணாக்கவேண்டாம். மலாய் வாசிப்பைத் தொடக்கப் பள்ளியிலேயே பலப்படுத்தினால் அந்த மேடு பாதியாகிறது.

8. “எஸ்.பி.எம்.ல ஒரே ஒரு பாடம் போச்சு. பெரிய விஷயமா?”

எந்தப் பாடம் என்பதைப் பொறுத்தது. பஹாசா மலாயு (மலாய் மொழி) தேறாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது. 2013 முதல் செஜாராவுக்கும் (வரலாறு) அதே விதி. மற்றப் பாடம் போனால் சான்றிதழ் கையில் இருக்கும்.

இந்த இரண்டில் ஒன்று போயிருந்தால் வேறு எதற்கும் முன்பாக அதைச் சரிசெய்யுங்கள். பள்ளிக்குத் திரும்பவேண்டியதில்லை, தனியார் தேர்வராகப் பதிந்து அந்தப் பாடத்தை மட்டும் எழுதலாம். அரசு வேலை எண்ணம் இருந்தால் பஹாசா மலாயுவில் வெறும் தேர்ச்சி போதாது, கிரெடிட் வேண்டும். “அப்புறம் எழுதலாம்” என்று தள்ளிப்போட்டு, நான்கு வருடம் கழித்து இலக்கணம் மறந்து உட்காருவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

9. “டிகிரியா, எஸ்.கே.எம்.மா? எதுல சீக்கிரம் வேலை?”

முதலில், எஸ்.கே.எம். எனும் மலேசியத் திறன் சான்றிதழின் படிகள்: நிலை 1, 2, 3 சான்றிதழ்கள், நிலை 4 திறன் டிப்ளோமா, நிலை 5 உயர்நிலை டிப்ளோமா. நிலை 1-இல் சேர எஸ்.பி.எம். கட்டாயமில்லை, மலாயில் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். நடுவில் மாட்டியவர்களுக்கு இது திறந்த கதவு. ஆனால் நிலை 1-ஓடு நிறுத்தினால் பயன் குறைவு. முதலாளிகள் பார்ப்பது நிலை 2, 3.

சும்மா வகுப்பறையில் உட்கார முடியாதவருக்கு எஸ்.எல்.டி.என். எனும் தேசிய இரட்டைப் பயிற்சி முறை உண்டு. பயிற்சியில் 70 முதல் 80 விழுக்காடு வேலை இடத்திலேயே நடக்கும், கையில் கொஞ்சம் அலவன்ஸும் வரும். பத்து வருடமாக வெல்டிங் செய்கிறார், தாள் மட்டும் இல்லை என்பவருக்கு பி.பி.டி. எனும் முன் அனுபவ அங்கீகார முறை: செய்த வேலைகளின் படம், முதலாளி கடிதம், பணிப் பதிவு எல்லாம் சேர்த்துக் கோப்பு கட்டிக்கொடுத்து, மதிப்பீட்டாளர் பார்த்துச் சான்றிதழ் பெறலாம். கோப்பு கட்டும்போதுதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். பழைய வேலைகளின் படம் இருக்காது. இன்றிலிருந்தே கைப்பேசியில் எடுத்து வையுங்கள்.

வட்டாரத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது முக்கியம். செம்பனை ஆலைக்குச் சான்றிதழ் பெற்ற பாய்லர்மேன் இல்லாமல் கொதிகலன் ஓடக்கூடாது. மின் வேலைக்குப் பெண்டாவாய் (வயரிங் செய்பவர்), சார்ஜ்மேன் (மின் இயக்கப் பொறுப்பாளர்) சான்றிதழ், லோரிக்கு ஜி.டி.எல். எனும் சரக்கு வாகன ஓட்டுநர் உரிமம், கட்டுமான இடத்துக்குக் கட்டுமானத் தொழில் வாரியத்தின் சி.ஐ.டி.பி. கார்டு. சட்டம் கட்டாயப்படுத்தும் தாள் இருந்தால் தேடல் காலம் குறுகுகிறது. டிகிரிக்கு எதிராக இதைச் சொல்லவில்லை. பொறியியல், கணக்கியல், தாதியர் போன்ற டிகிரிகள் நன்றாகவே ஓடுகின்றன. சேர்க்கை எளிது என்பதற்காக மட்டும் பிடித்த பொதுப் பாடம்தான் பட்டணத்தில் திணறுகிறது.

10. “ஒரு வருஷம் ஓய்வா இருந்துட்டு தேடுனா என்ன குறைஞ்சுபோகுது?”

மூன்று குறைகிறது: கைத்திறன், தேடும் உற்சாகம், முதலாளியின் நம்பிக்கை. மூன்றாவதை அளந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் கற்பனை விண்ணப்பங்களை அனுப்பி நடத்தி 2013-இல் வெளியான ஆய்வில், வேலையில்லாத மாதங்கள் கூடக்கூட நேர்முகத்துக்கு அழைப்பு குறைந்தது. அந்தச் சரிவின் பெரும்பகுதி முதல் எட்டு மாதத்துக்குள்ளேயே நடந்தது.

வேலை நிறைய இருக்கும் நகரங்களில் வேலையில்லாத இடைவெளி அழைப்பை அதிகம் பாதித்தது, வேலை தட்டுப்பாடான நகரங்களில் குறைவாக. ‘இங்கே யாருக்குமே கிடைக்கவில்லை’ என்று முதலாளிக்குத் தெரிந்தால் அவர் ஆளைக் குறை சொல்வதில்லை. ஆகவே சுங்கை சிப்புட்டில் ஒரு வருடம் சும்மா இருந்ததைக் காட்டும் விண்ணப்பத் தாளோடு, தொழிற்சாலைகள் நிறைந்த ஷா ஆலாம் போய் நின்றால், அந்த இடைவெளி அங்கே பெரிதாகத் தெரியும். பகுதிநேர வேலை, குறுகிய கால வகுப்பு, ஆலய நிர்வாகக் கணக்கு எழுதியது எதுவானாலும் தேதியோடு விண்ணப்பத் தாளில் போடுங்கள்.

11. “படிப்புக்கேத்த வேலை வர்ற வரைக்கும் காத்திருக்கணுமா, கிடைச்சதுல சேரணுமா?”

மலேசியாவில் உயர்கல்வி பெற்று வேலையில் இருப்பவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் தங்கள் தகுதிக்குக் கீழான வேலையில்தான் இருக்கிறார்கள். சேர்ந்துவிட்டால் வேலையின்மைக் கணக்கிலிருந்து பெயர் நீங்கும், ஆனால் அதே வேலையில் ஐந்து வருடம் தேங்கினால் டிகிரிச் சம்பளத்துக்குத் தாவுவது கடினமாகிறது.

எங்கள் யோசனை: முதல் மூன்று மாதம் படிப்புக்கேற்றதை மட்டும் தேடுங்கள். அது கடந்தால் கிடைத்ததில் சேருங்கள், தேடலை விடாதீர்கள். இரவு 7 மணி ஷிஃப்ட் எடுத்தால் பகலில் நேர்முகத்துக்குப் போகலாம். பன்னிரண்டு மணி நேரப் பகல் ஷிஃப்ட் எடுத்தால் முடியாது. சம்பளத்தைவிட இந்த நேரத்தைப் பார்த்துச் சேர்வதே கெட்டிக்காரத்தனம்.

12. “வேலை போனா சொக்சோ மாசாமாசம் காசு குடுக்குமாமே?”

அது எஸ்.ஐ.பி. எனும் வேலைவாய்ப்புக் காப்புறுதி, சட்டம் 800, 2018 ஜனவரி முதல் நடப்பில் உள்ளது. தொழிலாளியும் முதலாளியும் தலா 0.2 விழுக்காடு கட்டுகிறார்கள். சட்டம் வகுத்த அளவு: முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாவது 50, மூன்றும் நான்கும் 40, ஐந்தும் ஆறும் 30. சம்பளம் 2,000 ரிங்கிட் என்றால் 1,600, 1,000, 800, 800, 600, 600, ஆக மொத்தம் 5,400. எத்தனை மாதம் கிடைக்கும் என்பது சந்தா கட்டிய மாதங்களைப் பொறுத்து மூன்று முதல் ஆறு.

எங்கே கோட்டை விடுகிறார்கள் என்றால்: வேலை போன 60 நாளுக்குள் விண்ணப்பிக்கவேண்டும், பலர் ‘பார்ப்போம்’ என்று விட்டுவிடுகிறார்கள். “ராஜினாமாக் கடிதம் குடு, பேர் கெடாது” என்று சொல்வதைக் கேட்டுக் கையெழுத்திட்டால் உரிமை போய்விடும், ஏனென்றால் தானாக விலகியவருக்கு இது கிடையாது. குறிப்பிட்ட கால ஒப்பந்தம் முடிந்தவருக்கும், ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவருக்கும் கிடையாது. முதல் வேலையே கிடைக்காத பிள்ளைக்கும், காண்டாக்டர் சந்தா கட்டாத குலை வெட்டுக்காரருக்கும் இதில் இடமில்லை. நீண்டகாலம் தவிக்கும் அந்த இரு கூட்டமும் வலைக்கு வெளியேதான்.

13. “தோட்டத்தை வித்துட்டாங்கன்னா எங்களுக்கு என்ன வரும்?”

குறைந்தது 12 மாதம் தொடர்ந்து வேலை செய்தவருக்கு 1980-ஆம் ஆண்டு விதிமுறைப்படி: 2 ஆண்டுக்குள் என்றால் ஆண்டுக்கு 10 நாள் கூலி, 2 முதல் 5 ஆண்டுக்குள் 15 நாள், 5 ஆண்டும் அதற்கு மேலும் 20 நாள். 12 ஆண்டு வேலை, நாள் கூலி 65 ரிங்கிட் என்றால் 240 நாள், அதாவது 15,600 ரிங்கிட்.

உரிமையாளர் மாறி, புதியவர் பழைய நிபந்தனைகளுக்குக் குறையாமல் வேலையைத் தொடரச் சொல்லி, நீங்கள் தகுந்த காரணமின்றி மறுத்தால் இந்தப் பணம் கிடைக்காது. ஆகவே புதியவர் தரும் கடிதத்தைப் படித்துப் பாருங்கள்: பழைய சேவை ஆண்டுகள் சேர்க்கப்பட்டுள்ளனவா, வீடு உண்டா? எழுத்தில் இல்லாததை நம்பவேண்டாம்.

14. “எனக்கு 48 வயசு, ஆறாம் ஆண்டோட நின்னுட்டேன். எனக்கு வழி இருக்கா?”

இருக்கிறது, ஆனால் புதுப் படிப்பிலிருந்து தொடங்கவேண்டாம். கேள்வி 9-இல் சொன்ன பி.பி.டி. உங்களுக்குத்தான் அதிகம் பொருந்தும். டிராக்டர், ஜெனரேட்டர், ஆலை இயந்திரம் எதிலாவது கை பழகியிருந்தால் அதையே தாளாக்குங்கள்.

15. “கே.எல். (கோலாலம்பூர்) பக்கம் போனா சரியாகிடுமா?”

வேலை சீக்கிரம் கிடைக்கும். மிச்சம் பிடிப்பதுதான் கேள்வி. 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். அறை வாடகை, சாப்பாடு, மோட்டார் பெட்ரோல் எல்லாம் எழுதிக் கழித்துப் பாருங்கள். ஈப்போவுக்கு தினமும் போய்வர முடிகிற வேலை கொஞ்சம் குறைந்த சம்பளமானாலும் கையில் அதிகம் நிற்கலாம்.

போகிறவர்களில் பெரும்பாலோர் படித்தவர்கள் என்பதையும் கவனியுங்கள். பேராக்கில் படித்த பிள்ளை சிலாங்கூர்க் கணக்கில் ‘வேலை உள்ளவர்’ ஆகிறார். பட்டணத்தில் எஞ்சுவது வயதானவர்களும் தாள் இல்லாதவர்களும். அதைப் பார்த்து “அந்த ஊர்க்காரர்களுக்குப் படிப்பே ஏறாது” என்று பேசுபவர்கள் பஸ் ஏறிப் போனவர்களை மறந்துவிடுகிறார்கள்.

16. “படிச்சவங்க அதிகமா உள்ள மாநிலத்துல வேலையின்மை கம்மி. அப்ப எல்லாரும் டிகிரி எடுத்தா நம்ம ஊரும் சரியாகிடும்தானே?”

மாநிலத்துக்குப் பொருந்துவது ஆளுக்குப் பொருந்தும் என்று எடுத்துக்கொள்வது இந்தத் துறையின் பெரிய பொறி. தொழிற்சாலை வந்ததால் படித்தவர்கள் அங்கே குவிந்தார்களா, படித்தவர்கள் இருந்ததால் தொழிற்சாலை வந்ததா? இரண்டும் நடக்கிறது, ஆனால் முன்னதன் பங்கு நாம் நினைப்பதைவிடப் பெரிது (கேள்வி 15). வேலை வராத பட்டணத்தில் டிகிரியை மட்டும் கூட்டினால் தேடல் காலம் நீளும், இல்லாவிட்டால் பஸ் நிரம்பும்.

இதை வைத்துப் படிப்பை நிறுத்தவும் கூடாது. ஒரு குடும்பத்தின் முடிவு வேறு, ஒரு பட்டணத்தின் திட்டம் வேறு. குடும்பத்துக்கு, முழு எஸ்.பி.எம்.மும் ஒரு திறன் தாளும் ஏறக்குறைய எப்போதும் லாபம். பட்டணத்துக்கு, அந்தத் தாளை வாங்கிக்கொள்ளும் வேலை இடம் முதலில் வேண்டும். சட்டமன்ற உறுப்பினரிடம் மனு கொடுக்கப் போகிறவர்கள் இரண்டையும் ஒரே தாளில் கலந்து எழுதாதீர்கள்.

17. “சுங்கை சிப்புட்டுக்குன்னு தனி நம்பர் எங்க கிடைக்கும்?”

மாநில அளவு எண் எளிதாகக் கிடைக்கும், புள்ளிவிவரத் துறை காலாண்டுதோறும் வெளியிடுகிறது. சுங்கை சிப்புட்டோ கோலகங்சார் மாவட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது. தொழிலாளர் கணக்கெடுப்பு மாதிரி வீடுகளைக் கேட்டு எடுப்பது. ஒரு பட்டணத்தில் விழும் வீடுகள் சில டஜன்தான் என்றால், நான்கு பேர் பதில் மாறினாலே விகிதம் குதிக்கும். ஒரே ஆண்டு எண்ணை வைத்து முடிவு கட்டாமல் பல ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள். அதைவிட நம்பகமானது, உங்கள் பள்ளி முன்னாள் மாணவர் பட்டியலை எடுத்து, படிவம் 5 முடித்து 12-ஆவது மாதம் யார் எங்கே இருந்தார்கள் என்று நீங்களே எழுதுவது. ஐ.சி. (அடையாள அட்டை) இல்லாமல் படிப்பை விட்டவர்களையும், கல்யாணமாகி வீட்டில் இருப்பவர்களையும் அந்தப் பட்டியலில் விட்டுவிடவேண்டாம்.